பையன் மட்டும் வந்தால் போதாது!

காலை எட்டு மணி. பள்ளிக்கூடம் போகும் நேரம். பத்து வயதுப் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறான். "வலிக்குது அம்மா" என்று அழுகிறான்.

டாக்டர் பார்க்கிறார். வயிற்றில் கோளாறு எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையில் வலி வருவதும் இல்லை. உடனே வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: "நடிக்கிறான்!"

அடி விழுகிறது. மறுநாளும் வலி வருகிறது.

இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ வீடுகளில் உண்டு. அவர்கள் நடிப்பதில்லை. வலி உண்மையான வலிதான். மனதில் பயம் புகுந்தால் பெரியவர்களுக்கு நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் கெடுகிறது. சிறு பிள்ளைக்கு வயிறு வலிக்கிறது. பயத்தைச் சொல்ல அதற்கு வார்த்தை தெரியாது.

பயம் எதனால்? பள்ளியில் அடிக்கும் பெரிய பையனால் இருக்கலாம். கணக்குப் பாடத்தால் இருக்கலாம். இரவில் அப்பாவும் அம்மாவும் போடும் சண்டையாலும் இருக்கலாம். "நான் எங்காவது போய்விடுகிறேன்" என்று அம்மா கோபத்தில் சொல்லியிருப்பாள். காலையில் அவள் அதை மறந்துவிடுவாள். பையன் மறக்கமாட்டான். பள்ளிக்கூடம் போய்த் திரும்பும்போது அம்மா வீட்டில் இருப்பாளா, மாட்டாளா?

இந்தப் பயத்தைக் கண்டுபிடித்துத் தீர்க்க உதவுவதுதான் மனநல ஆலோசகரின் வேலை.

பொம்மை பேசும்

சிறு பிள்ளையை எதிரே உட்காரவைத்து, "உனக்கு என்ன கவலை?" என்று ஆலோசகர் துருவுவதில்லை. துருவினால் பதில் வராது. பொம்மைகளையும் களிமண்ணையும் வர்ணப் பென்சில்களையும் கொடுக்கிறார். தாமும் தரையில் உட்காருகிறார். பிள்ளை விளையாடுகிறது. அப்பா பொம்மை கத்துகிறது. அம்மா பொம்மை மூட்டை கட்டுகிறது. குட்டிப் பொம்மை கட்டிலுக்கு அடியில் ஒளிகிறது.

ஒருநாள் விளையாட்டைப் பார்த்து ஆலோசகர் முடிவு கட்டிவிடமாட்டார். பல நாள் கவனிப்பார். பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் விசாரிப்பார். இந்த முறை நேற்று வந்தது அல்ல. விர்ஜீனியா ஆக்ஸ்லைன் என்ற அமெரிக்கப் பெண்மணி, விளையாட்டு வழியாகச் சிகிச்சை செய்வது பற்றி 1947-ம் ஆண்டிலேயே தனிப் புத்தகம் வெளியிட்டார்.

ரகசியம் உண்டு; எல்லையும் உண்டு

பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பொம்மை உதவாது. "இங்கே சொல்வதை அப்பாவிடம் சொல்லிவிடுவீர்களா?" என்பதே அந்த வயதின் முதல் கேள்வி. நல்ல ஆலோசகர் பெற்றோரையும் வைத்துக்கொண்டு முதல் நாளே பதில் சொல்லிவிடுகிறார்: சொன்னது வெளியே போகாது. ஆனால், உயிருக்கு ஆபத்து என்றால் பெற்றோருக்குத் தெரிவிப்பார். பிள்ளையிடம் யாராவது பாலியல் முறையில் தவறாக நடந்திருந்தால், 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும்.

"செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்றும் ஆலோசகர் நேராகவே கேட்கிறார். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடுமே என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி வராது. தனியாகச் சுமந்த பாரத்தை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கிறது.

புத்திமதி அல்ல

பெரியவர்களிடம் பேச்சுத்தான் கருவி. ஆனால் புத்திமதி சொல்வது ஆலோசனை ஆகாது. புத்திமதிக்கு ஊரில் பஞ்சமே இல்லை. ஆலோசகர் அதிகம் கேட்கிறார்; குறைவாகப் பேசுகிறார். கடன், குடி, தூக்கமின்மை, சாவு தந்த துக்கம் என்று கவலை எதுவானாலும், அதன் நுனியைப் பிடித்துச் சிக்கெடுக்க உதவுகிறார். மருந்து வேண்டும் என்று தோன்றினால் மனநல மருத்துவரிடம் அனுப்புகிறார். ஆலோசனையும் மருந்தும் சேர்ந்து நடக்க வேண்டிய நோய்களும் உண்டு.

யார் குற்றவாளி?

"எங்கள் பையனைச் சரிசெய்து கொடுங்கள்" என்று சொல்லி, ரிப்பேர் கடையில் கடிகாரத்தைக் கொடுப்பதுபோல் பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோர் பலர். அங்கேதான் தவறு. வாரத்தில் ஒரு மணி நேரம் ஆலோசகரிடம் இருக்கும் பிள்ளை, மற்ற நேரமெல்லாம் வீட்டில்தானே இருக்கிறது?

ஆகவே வீட்டாரையும் ஆலோசகர் அழைக்கிறார். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக்கூடாது. குற்றவாளி யார் என்று அங்கே விசாரணை இல்லை. சண்டை எப்படித் தொடங்குகிறது, யார் வாய் திறக்கிறார், யார் எழுந்து போகிறார், பிள்ளை என்ன செய்கிறது என்று பார்க்கிறார்கள். அடி உதை உள்ள வீடு என்றால், எல்லோரையும் ஒன்றாக உட்காரவைப்பதற்கு முன் தனித்தனியே பேசிப் பாதுகாப்புக்கு வழி தேடுகிறார்கள்.

குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வதில் இந்தியா பின்தங்கியிருக்கவில்லை. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், 1950-களிலேயே நோயாளிகளுடன் அவர்கள் குடும்பத்தாரையும் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-ம் ஆண்டில் தொடங்கியது. நோயாளியுடன் வீட்டாரும் தங்குவது அங்கே வழக்கம் ஆயிற்று.

வெட்கம் எதற்கு?

"பைத்தியம் என்று ஊர் பேசுமே, நாளைக்குக் கல்யாணம் நடக்க வேண்டாமா?" என்ற பயம் இன்னும் பல வீடுகளின் வாசலில் காவல் நிற்கிறது. அந்தப் பயத்தால் பிள்ளையின் சிகிச்சை வருடக்கணக்கில் தள்ளிப்போகிறது. காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவதை யாரும் மறைப்பதில்லை. மனதுக்கு மட்டும் ஏன் மறைவு? அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் இடங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது எல்லோருக்கும் உரிமை என்று 2017-ம் ஆண்டின் மனநலச் சட்டம் சொல்கிறது. 14416 என்ற எண்ணில் 2022-ம் ஆண்டு அக்டோபர் முதல் அரசின் தொலைபேசி ஆலோசனை நடக்கிறது. கட்டணம் இல்லை. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

வயிறு வலிக்கிறது என்று பிள்ளை அழுதால், முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். உடம்பில் கோளாறு இல்லை என்று அவர் சொன்னால், அடுத்துப் பிரம்பைத் தேடக்கூடாது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா ஆலோசகரிடம் போகவேண்டும். அப்பாவும் அன்றைக்கு ஒரு நாள் வேலைக்கு லீவு போடவேண்டும்.