போர்டு ஆலை திறக்கிறது. போர்டு கார் வருமா?

சென்னையை அடுத்த மறைமலைநகரில் 2022-ம் ஆண்டு உற்பத்தி நின்றுபோன போர்டு மோட்டார் ஆலைக்கு மறுபடியும் உயிர் கொடுக்க ஏற்பாடாகி இருக்கிறது. 2025 அக்டோபர் 31-ந் தேதி அமெரிக்க நாட்டுப் போர்டு கம்பெனியும் தமிழ்நாடு சர்க்காரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. முதலீடு 3,250 கோடி ரூபாய். 600 பேருக்கு மேல் வேலை. 2029-ல் உற்பத்தி தொடங்க வேண்டும் என்பது திட்டம்.

இந்தச் செய்தியைப் படித்து உடுமலைப்பேட்டையில் சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. பொள்ளாச்சி ரோட்டிலும் தாராபுரம் ரோட்டிலும் போர்டு கார்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அப்போ, போர்டு வண்டி திரும்ப வருதுங்களா?"

வரவில்லை. வரப்போவது என்ஜின். ஆண்டுக்கு 2,35,000 என்ஜின்கள் செய்யப்போவதாக அறிவிப்பு சொல்லுகிறது. இந்த ஆலை ஏற்றுமதிக்கு என்று 2024 செப்டம்பரிலேயே கம்பெனி தெரிவித்துவிட்டது. உடுமலையில் இருப்பவர் பணத்தை எடுத்துக்கொண்டு போய் வாங்கும்படியான கார் எதுவும் அந்த அறிவிப்பில் இல்லை.

ஆலை வேறு, கார் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான், 2021-ல் போர்டு ஏன் கடையைக் கட்டியது என்பதும் பலருக்குப் புரியாத புதிராகவே இருக்கிறது.

பழைய உறவு

மோட்டார் வண்டி நமது பக்கத்துக்குப் புதிதல்ல. ஜி.டி. நாயுடு 1920-ம் ஆண்டிலேயே பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டவர். அந்தச் சாலையில் நடுவே இருப்பது நமது உடுமலைப்பேட்டை. மாட்டு வண்டி போன தடத்தில் மோட்டார் போவதை நம் பாட்டன்மார் அப்போதே பார்த்துவிட்டார்கள்.

போர்டு கம்பெனி இந்தியாவில் கால் வைத்தது 1926-ல். பெட்டி பெட்டியாகப் பாகங்களைக் கப்பலில் இறக்கி, பம்பாய், கல்கத்தா, சென்னை நகரங்களில் பூட்டி விற்றார்கள். சுதந்திரம் வந்த பிறகு சர்க்காரின் கொள்கை மாறியது. பாகங்களைக் கொண்டுவந்து பூட்டினால் மட்டும் போதாது, இங்கேயே செய்ய வேண்டும் என்றார்கள். போர்டும் ஜெனரல் மோட்டார்சும் 1950-களில் மூட்டை கட்டின.

பிறகு நீண்ட காலம் அம்பாசடரும் பியட்டும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும்தான்.

1991-ல் பொருளாதாரக் கதவு திறந்தது. 1995-ல் மகிந்திராவைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு போர்டு திரும்பி வந்தது. முதலில் விற்ற கார் எஸ்கார்ட். ஐரோப்பாவில் ஓடி அலுத்த மாடல் அது. பெரிதாக எடுபடவில்லை. 1998-ல் போர்டு தன் பங்கை உயர்த்திக்கொண்டு நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. 1999-ல் மறைமலைநகர் ஆலை வேலை செய்யத் தொடங்கியது.

ஐக்கான் வந்த ஜோர்!

அந்த ஆண்டு கடைசியில் வந்த கார்தான் ஐக்கான். "ஜோஷ் மெஷின்" என்று அதற்கு விளம்பரம் செய்தார்கள். விளம்பரங்கள் வழக்கமாக அளந்துதான் விடும். இந்தக் காரைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. 1.6 லிட்டர் பெட்ரோல் என்ஜின், 90-க்கு மேல் குதிரைசக்தி. அந்த நாளில் நடுத்தர விலைக் காரில் அது பெரிய சங்கதி. மிதித்தால் பாயும். திருப்பினால் சொன்ன பேச்சைக் கேட்கும்.

ஆழியாறைத் தாண்டி வால்பாறைக்கு ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு போகும் பாதையும் லேசுப்பட்டதல்ல. இந்த மலைப்பாதைகளில் கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு ஐக்கானின் அருமை தெரியும். கோவை வட்டாரமோ கார் பந்தயத்தில் ஊறியது. கரிவரதன் பெயரால் 2003-ல் செட்டிபாளையத்தில் பந்தய மைதானம் திறந்த ஊர்; நரேன் கார்த்திகேயனின் ஊர். இப்படிப்பட்ட இடத்தில் வேகமும் பிடிப்பும் உள்ள காருக்கு ரசிகர்கள் சேர்வதற்குக் கேட்க வேண்டுமா?

போர்டுக்கும் அந்தப் பாரம்பரியம் உண்டு. 1964-ல் மஸ்டாங் காரை இறக்கி அமெரிக்க வாலிபர்களைக் கிறங்க வைத்த கம்பெனி அது. 1966-ல் பிரான்சு நாட்டு லெ மான் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் தட்டிக்கொண்டு போனது. அந்த மஸ்டாங்கை 2016-ல் இந்தியாவுக்கும் கொண்டுவந்தார்கள். விலை 65 லட்சம் ரூபாய்! வேடிக்கை பார்க்கலாம்.

மூன்று கேள்விகள்

ஆனால் ரசிகர் வேறு, வாடிக்கைக்காரர் வேறு. நமது கொங்குச் சீமையில் ஒருவர் கார் வாங்கப் போனால் மூன்று கேள்வி கேட்பார். "மைலேஜ் எவ்வளவு குடுக்குமுங்க?" "ஸ்பேர் நம்மூர்லயே கிடைக்குமுங்களா?" "நாளைக்கு வித்தா என்ன விலைக்குப் போகுமுங்க?" வண்டி எப்படிப் பாயும் என்பது நாலாவது கேள்வி. பல பேர் அதுவரை போவதே இல்லை.

தென்னந்தோப்பு வைத்திருப்பவரும் கோழிப்பண்ணை நடத்துபவரும் நூல் வியாபாரியும் கணக்குப் பார்த்து வாழ்கிறவர்கள். கார் அவர்களுக்கு ஆசைதான். ஆனால் கணக்கில் வராத ஆசை அல்ல.

இந்த மூன்று கேள்விக்கும் மாருதியிடம் பதில் இருந்தது. கொரியா நாட்டு ஹூண்டாய், பதிலை வந்த வேகத்தில் கற்றுக்கொண்டது. ஹூண்டாய் ஆலை எங்கே இருக்கிறது? அதே சென்னைக்குப் பக்கத்தில், இருங்காட்டுக்கோட்டையில். போர்டு வந்து மூன்று வருஷம் கழித்து, 1998 செப்டம்பரில் அது சான்ட்ரோ என்ற சிறிய காரை விட்டது. ஒரே மாநிலம், ஒரே துறைமுகம், ஒரே விதமான தொழிலாளிகள். ஒன்று வளர்ந்தது, ஒன்று மூடியது. ஆகவே "தமிழ்நாட்டில் தொழில் நடத்த முடியாது", "தொழிலாளிகளால் கெட்டது" என்றெல்லாம் 2021-ல் சிலர் பேசியதற்கு ஆதாரம் கிடையாது.

போர்டு ஒரு சிறிய காரைத் தர எவ்வளவு நாள் எடுத்துக்கொண்டது தெரியுமா? சான்ட்ரோ வந்து 12 வருஷம்! 2010-ல்தான் பிகோ வந்தது. வந்ததும் நன்றாகவே விற்றது. ஆனால் அதற்குள் போர்டு என்றால் உதிரிபாகம் விலை அதிகம் என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவிவிட்டது. பிறகு கம்பெனி உதிரிபாக விலையைக் குறைத்துப் பார்த்தது. ஒட்டிய பேர் ஒட்டியதுதான்.

முன்னால் போனவர் பின்தங்கினார்

2013-ல் ஓர் அதிசயம் நடந்தது. எக்கோஸ்போர்ட் என்ற கார் வந்தது. நீளம் 4 மீட்டருக்குள். அதனால் வரி குறைவு. உயரம் அதிகம், அதனால் தோட்டத்து மண் ரோட்டிலும் வயிறு இடிக்காமல் போகும். ஜனங்கள் பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். இன்று சந்தையில் சக்கைப்போடு போடும் சிறிய எஸ்.யூ.வி. வகைக்கு வழி திறந்துவிட்ட கார்களில் முக்கியமானது அதுதான் என்று சொல்லலாம்.

வழி திறந்தவர் என்ன செய்திருக்க வேண்டும்? அடுத்தவர் வருவதற்குள் இரண்டாவது, மூன்றாவது மாடலைத் தயார் செய்திருக்க வேண்டும். மாருதியின் பிரெஸ்ஸா 2016-ல் வந்தது. டாட்டாவின் நெக்சான் 2017-ல் வந்தது. ஹூண்டாயின் வெனியூ 2019-ல் வந்தது. போர்டோ அதே எக்கோஸ்போர்ட்டுக்கு 2017-ல் மூக்கையும் முகத்தையும் திருத்திவிட்டு நின்றது.

புது மாடலுக்குப் போக வேண்டிய பணம் எங்கே போயிற்று? நமது கருத்தில், தவறு நடந்த இடம் இதுவே. சுமார் 100 கோடி டாலர் செலவில் 2015-ல் குஜராத்தில் சானந்த் என்ற இடத்தில் இன்னோர் ஆலை கட்டினார்கள். உலகத்தின் மூன்றாவது பெரிய கார் சந்தையாக இந்தியா 2020-ல் ஆகிவிடும் என்று நிபுணர்கள் ஜோசியம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு ஆலையும் சேர்ந்து ஆண்டுக்கு 4,40,000 கார்கள் செய்யலாம். கடைசிக் காலத்தில் செய்தது அதில் ஐந்தில் ஒரு பங்கு. அதிலும் சரிபாதிக்குக் குறையாமல் வெளிநாட்டுக்குப் போனது. நாலு ஏக்கர் தண்ணீர் இருக்கிறவர் இருபது ஏக்கருக்கு நாற்று விட்ட கதைதான்.

2019-ல் மகிந்திராவுடன் மறுபடியும் கைகோக்கப் பேசினார்கள். 2020 டிசம்பர் 31-ந் தேதி அந்தப் பேச்சு முறிந்தது. 2021 செப்டம்பர் 9-ந் தேதி, இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாகப் போர்டு அறிவித்தது. 10 ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கணக்குச் சொன்னது. இந்தியச் சந்தையில் அதன் பங்கு அப்போது 100-க்கு 2 கூட இல்லை.

நட்டப்பட்டவர்கள் யார்?

கம்பெனியின் நஷ்டம் டாலரில் எழுதப்பட்டது. மற்றவர்களின் நஷ்டம் அவ்வளவு சுலபமாக எழுதக்கூடியதல்ல. சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று கம்பெனியே சொன்னது. 170 வியாபாரிகள், அவர்களிடம் சுமார் 40,000 பேர் வேலை பார்க்கிறார்கள் என்று கார் வியாபாரிகள் சம்மேளனம் முறையிட்டது. மறைமலைநகர் தொழிலாளிகள் 2022-ல் நல்ல ஈட்டுத்தொகை கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பேச்சுவார்த்தை செப்டம்பர் வரை இழுத்தது. சானந்த் ஆலையை டாட்டா கம்பெனி 725 கோடி 70 லட்சம் ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. மறைமலைநகர் ஆலை விலைபோகாமல் நின்றது. அதனால்தான் இன்று திரும்பி வர ஓர் இடம் போர்டு கையில் இருக்கிறது.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. கார் செய்வதை நிறுத்தினாலும் போர்டு தமிழ்நாட்டை விட்டுப் போய்விடவில்லை. கணக்கு எழுதுவது, வரைபடம் போடுவது, கம்ப்யூட்டர் வேலை ஆகியவற்றில் சுமார் 12,000 பேர் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு உலகம் முழுவதற்குமான அதன் காரியங்களைப் பார்ப்பதாக 2024-ல் கம்பெனி சொன்னது. நமது பொறியியல் பட்டதாரிகள் போர்டு காரை வரைகிறார்கள். ஓட்டுகிறவர் வேறு தேசத்தவர்.

என்ஜின் ஆலையால் நமக்கு லாபம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. என்ஜின் என்றால் வார்ப்பு இரும்பு வேண்டும், அலுமினிய வார்ப்பு வேண்டும், கடைசல் வேலை வேண்டும். கோவையின் வார்ப்படச் சாலைகளும் லேத் பட்டறைகளும் பம்பு செட்டிலும் மோட்டார் பாகத்திலும் கை தேர்ந்தவை. 2,35,000 என்ஜின் என்பது பெரிய ஆர்டர் இல்லை. ஆனால் அலட்சியப்படுத்தும் அளவும் இல்லை. ஒப்பந்தத்தில் 600 பேருக்கு வேலை என்று கணக்குக் காட்டுகிறார்கள். பாகங்களில் எத்தனை பங்கு இந்த நாட்டில் வாங்கப்படும் என்பதையும் சர்க்கார் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும். ஏற்றுமதிக்கென்று நடக்கும் ஆலை வெளிநாட்டுச் சந்தை சுருங்கினால் தானும் சுருங்கும். அப்போது முதலில் அடி விழுவது சின்னப் பட்டறைக்காரருக்குத்தான்.

உடுமலையில் போர்டு கார் வைத்திருப்பவர்கள் விஷயம் வேறு. சர்வீசும் உதிரிபாகமும் தொடரும் என்று கம்பெனி 2021-லேயே உறுதி சொல்லியிருக்கிறது. அதை நம்பித்தான் அந்த வண்டிகள் ஓடுகின்றன. புதிய என்ஜின் ஆலையால் பழைய ஐக்கானுக்கு ஒரு போல்ட் கூட அதிகமாகக் கிடைக்காது. மறைமலைநகரில் கடைசிக் கார் 2022 ஜூலையில் வெளியே வந்தது. அது ஓர் எக்கோஸ்போர்ட். அதுவும் ஏற்றுமதிக்குச் செய்ததுதான்.