கப்பல் ரெடி, விமானம் எங்கே?
"வெள்ளைப் புலிகள்" படைக்கு 60 ஆண்டுத் தலைவலி

இந்தியக் கடற்படையின் 300-வது போர் விமானப் படைக்கு "வெள்ளைப் புலிகள்" என்று பெயர். 1960-ல் தொடங்கிய படை. கப்பலில் இருந்து கிளம்பி, குண்டு போட்டுவிட்டு, அதே கப்பலில் வந்து இறங்க வேண்டும். கேட்க சுலபம். ஆனால் கீழே கப்பல் ஆடிக்கொண்டே இருக்கும். விமானத்தின் வாலில் உள்ள கொக்கி, தளத்தில் கட்டிய கம்பியைக் கவ்வ வேண்டும். தவறினால் மறுபடி மேலே கிளம்ப வேண்டியதுதான்!

பாய்லரில் விரிசல்

முதல் விமானம் இங்கிலாந்தின் "சீ ஹாக்". பிறகு மேற்கு ஜெர்மனி கழித்துப் போட்ட பழசையும் வாங்கினார்கள்.

1971 போர் நேரத்தில் "விக்ராந்த்" கப்பலின் பாய்லரில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாது. ஆனாலும் கரையில் கட்டி வைக்கவில்லை. வங்கக் கடலுக்கு அனுப்பினார்கள். அதை மூழ்கடிக்க வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி "காஜி", விசாகப்பட்டினம் அருகே தானே மூழ்கியது. டிசம்பர் 4-ந்தேதி காக்ஸ் பஜார், சிட்டகாங் மீது சீ ஹாக்குகள் குண்டு மழை பொழிந்தன.

பாதிக்கு மேல் காலி

1983-ல் "சீ ஹாரியர்" வந்தது. அந்தரத்தில் நின்று, அப்படியே கீழே இறங்கும். கம்பியும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம். சுமார் 30 வாங்கியதில் பாதிக்கு மேல் விபத்தில் போய்விட்டது. 2006-ல் இங்கிலாந்தே அதைக் கைவிட்டது. அப்புறம் உதிரி பாகத்துக்கு எங்கே போவது? இருந்ததை வைத்தே 10 ஆண்டு ஓட்டினார்கள். 2016 மே மாதம் கோவாவில் வழியனுப்பு விழா.

40 என்ஜின் அவுட்

அடுத்தது ரஷியாவின் "மிக்-29கே". மொத்தம் 45. இங்கேயும் வந்தது வினை. 40 என்ஜின்கள், அதாவது நூற்றுக்கு 62, வடிவமைப்புக் கோளாறால் ஒதுக்கப்பட்டதாக 2016-ல் மத்திய தணிக்கை அறிக்கை போட்டு உடைத்தது.

நாமே கட்டிய புது விக்ராந்த் 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்தது. செலவு சுமார் ரூ.20 ஆயிரம் கோடி. கப்பல் நம்முடையது. மேலே நிற்கும் போர் விமானம் மட்டும் இன்னும் அயல்நாட்டுச் சரக்கு.

2025 ஏப்ரலில் பிரான்சுடன் புது ஒப்பந்தம். சுமார் ரூ.63 ஆயிரம் கோடிக்கு 26 ரபேல். இதில் கப்பலில் இறங்கப் போவது 22 தான். மீதி 4 இரட்டை இருக்கை விமானம், தரையில் பயிற்சிக்கு.