உரையை ஒதுக்கினால் மூலமும் நம்மை விட்டுப் போகும்



“திருக்குறளுக்கு ஒரு வரிப் பொருள் போதும். உரை, உரையாசிரியர் என்பதையெல்லாம் பிள்ளைகள் பல்கலைக்கழகத்திற்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளட்டும்.” உலு திராம் பக்கம் ஆசிரியர்கள் இருவர் கூடிப் பேசினாலும் சரி, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமானாலும் சரி, இந்தப் பேச்சு என் காதில் விழாமல் போவதில்லை. கேட்க நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால், நம் இலக்கியம் நம் கைக்கு வந்து சேர்ந்த வரலாற்றை அறிந்தவர் எவரும் இப்படிப் பேசத் துணியார் என்பேன்.

1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார் உ.வே.சாமிநாதையர். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவரைக் கேட்டார். அந்த ஒரு கேள்வியே அவரை ஏடு தேடி ஊர் ஊராக அலைய வைத்தது. கிடைத்த ஏடுகளோ எளிதில் படிக்கக் கூடியனவாக இல்லை. ஓலைச்சுவடியில் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு இராது. ரகரத்திற்கும் காலுக்கும் வேற்றுமை தெரியாது. செய்யுளை அடி பிரித்தும் எழுதியிரார். சில ஏடுகளில் பாட்டு எது, உரை எது என்று பிரித்தறியவே முடியாது.

அந்த இருளில் அவருக்கு விளக்காக இருந்தது எது? 14ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் நச்சினார்க்கினியரின் உரை அன்றோ! சொல்லுக்கு உரையில் தந்த பொருளைக் கொண்டு மூலத்தின் சரியான பாடத்தைத் துணிந்தார். உரையில் வந்த மேற்கோள் அடிகள் எந்நூலைச் சேர்ந்தவை என்று தேடிப் போனார். நூற்பெயரைச் சொல்லாமல் உரையாசிரியர் விட்டுச்சென்ற அந்த அடிகளே, திருவாவடுதுறை மடத்து ஏடுகளில் உறங்கிக்கிடந்த சங்க நூல்களுக்கு அவரை அழைத்துச் சென்றன. 1887இல் சிந்தாமணியும், 1889இல் பத்துப்பாட்டும் நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேறின. 1894இல் புறநானூறு பழைய உரையுடன் வெளிவந்தது. உரை நூலுக்கு ஒட்டுச் செடியன்று. மூலத்தைத் தாங்கி நின்ற வேரும் அதுவே.

உரை அழிந்த இடத்தில் நாம் எவ்வளவு இழந்திருக்கிறோம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். புறநானூற்றின் பழைய உரை 266 பாட்டுகளோடு நின்றுவிட்டது. அகநானூற்றுக்கு முதல் 90 பாட்டுகளுக்கே பழைய உரை உண்டு. குறுந்தொகைக்குப் பேராசிரியர் எழுதியதாகச் சொல்லப்படும் உரை கிடைக்கவே இல்லை. மறுபுறம், தகடூர் யாத்திரை என்னும் நூல் மறைந்துபோனது. ஆயினும் அதன் பாடல்கள் சில நச்சினார்க்கினியரின் தொல்காப்பிய உரையில் தங்கி உயிர் பிழைத்தன.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த கதையன்று. இலத்தீன் பெருங்கவி வெர்ஜிலின் பாடல்களுக்குச் செர்வியுசு என்பார் உரை எழுதினார். இடைக்கால ஐரோப்பிய மடங்களில் அப்பாடல்களைத் தோலேட்டில் படியெடுத்தோர், பாட்டைப் பக்கத்தின் நடுவே எழுதினர். அருஞ்சொற்பொருளை வரிகளுக்கு இடையிலும் விளக்கங்களை விளிம்புகளிலும் நிரப்பினர். அவை வகுப்பறைக்கென்று பிறந்த குறிப்புகள். வெர்ஜிலுக்கு முற்பட்ட எண்ணியுசு என்னும் புலவரின் பெருநூல் அழிந்துபோயிற்று. இன்று எஞ்சியுள்ள அதன் அடிகள் பல, உரையாசிரியரும் இலக்கணிகளும் மேற்கோள் காட்டியதால் மட்டுமே கிடைத்தவை.

“உரையாசிரியர்கள் தம் கொள்கையை மூலத்தில் ஏற்றினார்கள்; பரிமேலழகரை நம் பிள்ளைகள் ஏன் படிக்க வேண்டும்?” என்று கேட்போரும் உளர். மறுக்கவில்லை. 69ஆம் குறளையே எடுத்துக்கொள்வோம். மகனைச் சான்றோன் எனக் கேட்ட தாய், பெற்றபொழுதினும் பெரிதாக மகிழ்வாள் என்பது கருத்து. ‘கேட்ட’ என்று வள்ளுவர் சொன்னது ஏன்? பெண் தன் இயல்பால் தானாக அறியமாட்டாள் ஆதலின் அவ்வாறு சொன்னார் என்று காரணம் காட்டுகிறார் பரிமேலழகர். மணக்குடவர் உரையில் இந்தக் காரணம் இல்லை. இவ்விரண்டு உரைகளையும் ஆறாம் ஆண்டு மாணவியர் முன் வைத்து, “உங்களுக்கு எது ஏற்புடையது? ஏன்?” என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு விழித்துக்கொள்ளும்!

பரிமேலழகரை மறுக்க நம்மால் முடிகிறது. ஏனெனில், அவர் தம் காரணத்தை வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறார். பின்னாளில் மறைமலையடிகள் எனப் பெயர்பூண்ட வேதாசலனார், 1903இல் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் நச்சினார்க்கினியர் சொற்களை இடம் மாற்றிப் பொருள் கொண்ட முறையை மறுத்ததும் இவ்வாறே. நம் பயிற்றிகளில் உள்ள ஒரு வரிப் பொருளை எந்தப் பிள்ளையால் மறுக்க முடியும்? அதை எழுதியவர் யார்? எச்சொல்லுக்கு எப்பொருள் கொண்டார்? ஏன் கொண்டார்? ஒன்றும் தெரியாது. மனனம் செய்; எழுது; மதிப்பெண் வாங்கு. உரை வேண்டாம் என்போர் பிள்ளைகளை மூலத்தோடு விட்டுவிடவில்லை. பெயரில்லாத, காரணம் சொல்லாத ஓர் உரைக்கு அடிமையாக்குகிறார்கள்!

தேர்வைக் காரணம் காட்டவும் இனி வழியில்லை. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. நூல் கிடைக்காது என்றும் சொல்ல முடியாது. மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் பழைய நூல்களையும் உரைகளையும் இலவசமாகத் தருகின்றன. ஏடு தேடி மாட்டு வண்டியில் போக வேண்டிய நிலை நமக்கில்லை, கைப்பேசியே போதும்.

என் வேண்டுகோள் எளியது. மாதம் ஒரு செய்யுளையாவது பெரிய தாளின் நடுவில் எழுதுங்கள். வரியிடையில் சொற்பொருளையும், விளிம்பில் பழைய உரையாசிரியர் இருவரின் கருத்தையும், எஞ்சிய இடத்தில் தம் ஐயத்தையும் மாணவர்களே எழுதட்டும். பெற்றோர்களே, வீட்டில் “பொருள் மனப்பாடமா?” என்று கேட்பதை நிறுத்துங்கள். “இந்தச் சொல்லுக்கு இந்தப் பொருள் எப்படி வந்தது?” என்று கேளுங்கள். விடை உங்களுக்கும் தெரியாவிட்டால் இழுக்கில்லை. பிள்ளையோடு சேர்ந்து தேடுங்கள்.

கறையானுக்கும் ஆடிப்பெருக்குக்கும் இரையானவை போக எஞ்சியவற்றை நம் முன்னோர் காத்துத் தந்தனர். அவற்றை நாமே ஒற்றை வரியாக நறுக்கி எறிந்துவிட்டால், அந்தப் பழியைச் சுமக்கக் கறையானும் வராது, வெள்ளமும் வராது.