கைவேலைப் பரிசும் அதன் கணக்கும்

கையால் செய்து தரப்படும் பரிசுக்கு விலையே இல்லை என்பது பாராட்டாகச் சொல்லப்படும் கூற்று. ஆனால் செய்தவரின் உழைப்பைக் கணக்கில் கொள்ளாமல் விடுவதற்கும் இதே கூற்றுதான் துணைபோகிறது. துணிக்கலை குறித்த எழுத்துகள் பலவும் இதிலிருந்து இன்னும் விடுபடவில்லை.

வங்கத்தின் காந்தாவை எடுத்துக்கொள்ளலாம். நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலால் ஓட்டுத்தையல் இட்டுச் செய்யப்படும் விரிப்பு அது. பிறந்த குழந்தையைப் பொதிய ஒன்று, மணமாகிச் செல்லும் மகளுக்கு ஒன்று, ஏட்டைச் சுற்றி வைக்க ஒன்று எனப் பெரும்பாலும் இன்னாருக்கு என்று எண்ணியே அது தைக்கப்பட்டது. கொல்கத்தாவில் குருசதய் தத்தின் சேகரிப்பைக் கொண்ட அருங்காட்சியகத்தில், 19ஆம் நூற்றாண்டில் மானதாசுந்தரி என்னும் பெண் தம் தந்தைக்காகத் தைத்த காந்தா உள்ளது. தம் பெயரையும் அவர் அதில் நூலால் பொறித்திருக்கிறார். அவ்வாறு பொறிக்காத பெண்களின் படைப்புகள் ‘நாட்டார் கலை’ என்னும் பொதுப்பெயருக்குள் கரைந்துவிட்டன. வீட்டுக்குள் அவற்றைச் செய்தவர் யார், பெற்றவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. வீட்டைவிட்டு வெளியேறிய பின்னரே அவை பெயரிழந்தன.

இதை மட்டும் பேசினால் பாதி உண்மையே கிடைக்கும். மறுபாதி கட்ச் பகுதியில் உள்ளது. அங்கு வாழும் தேபாரியா ரபாரிப் பெண்கள் தம் திருமணத்துக்கெனத் தாமே கண்ணாடி பதித்த பூத்தையல் ஆடைகளைச் செய்துவந்தனர். காலப்போக்கில் அது சீர்வரிசையாக இறுகியது. எதிர்பார்க்கப்பட்ட அளவு கூடக்கூட, தைத்து முடிக்கும் வரை பெண்கள் புகுந்த வீடு செல்வது ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயிற்று. 1995இல் அச்சமூகத்தின் பெரியவர்கள் தம் மக்கள் பூத்தையல் ஆடைகளைச் செய்வதையும் அணிவதையும் தடைசெய்தனர். பெண்களோ ஆயத்த நாடாக்களையும் பட்டைகளையும் எந்திரத்தால் தைத்து வேறோர் அழகை உருவாக்கிக்கொண்டனர்.

மரபின் அழிவு என்று இத்தடையைப் புலம்புவது எளிது. ஆனால் அந்தத் தையலுக்கு விலையாகச் சென்றது பெண்களின் இளமைக்காலம். கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல் ஆகிய மூன்றும் கடமைகளே என்று மார்செல் மோஸ் 1925இல் எழுதியது இங்கே பொருந்துகிறது. அன்பின் பெயரால் தொடங்கும் கொடைக்கு அளவு குறிக்கப்பட்டவுடன் அது வரியாகிவிடுகிறது.

ஆகவே கைவேலைப் பரிசுகளை ஆராய்பவர் வண்ணத்தையும் வடிவத்தையும் விவரிப்பதோடு நின்றுவிடலாகாது. இது யாருக்காகச் செய்யப்பட்டது? செய்தவரின் எத்தனை நாள்கள் இதில் உள்ளன? செய்ய மாட்டேன் என்று சொல்ல அவருக்கு இடம் இருந்ததா? மூன்றாம் கேள்விக்கு ஆம் என்று விடை கிடைக்கும்போதுதான் அப்பொருளைப் பரிசு என்று அழைப்பது முறையாகும். மற்றவற்றை உழைப்பு என்றே பதிவுசெய்வதுதான் செய்தவர்களுக்குச் செலுத்தும் குறைந்தபட்ச நேர்மை.