உறைப்பும் ஒரு சுவையோ?

கண்டி, மாத்தளைத் தோட்டங்களில் விளையும் மிளகின் உறைப்பைக் கார்ப்பென்று அறுசுவையுள் அடக்கிக் கற்பிக்கின்றோம். விஞ்ஞானமோ அது சுவையரும்பின் தொழிலன்று என்கின்றது. மிளகின் பைப்பரீன், மிளகாயின் கப்சைசின் ஆகிய சிறு மூலக்கூறுகள், சூட்டை உணரும் நரம்புகளில் அயன்களை உட்புகவிடும் வாயிலைத் திறக்கின்றன. கடுஞ்சூடு பட்டாலும் திறப்பது அவ்வாயிலே. 1997 இல் அதனை இனங்கண்ட டேவிட் ஜூலியஸ் 2021 இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். இனிப்பையும் கைப்பையும் நாவில் உணர்த்த உதவும் பிறிதொரு வாயில், கணையத்தில் இன்சுலின் சுரப்பதற்கும் துணைபுரிகின்றது. சீனித்துளசியின் சத்து அதன் செயலை மிகுவிக்கின்றது.

இதனால் முன்னோர் வகுப்புப் பொய்யாகாது. அவர் நாவின் அனுபவத்தை வகுத்தனர். விஞ்ஞானம் காரணத்தைக் காட்டுகின்றது. ஆயின், யாவும் அவர் அன்றே அறிந்தவை எனப் பெருமை பேசின், மாணவரின் வினா எழுமுன்னரே அடங்கிவிடும். மிளகொன்றைக் கையிற் கொடுத்துத் தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் சேர்ந்து கற்பித்தலே விழாக் காணும் கல்லூரிக்கு அழகு.