எரிமலை மேல் ஒரு கண்!

பனவடலிசத்திரத்தில் எரிமலை இல்லை. சங்கரன்கோவில் வட்டாரம் முழுவதும் தேடினாலும் கிடைக்காது. அங்கே எரிமலை என்றால் பாடப் புத்தகத்தில் வரும் படம்தான்.

ஆனால், அந்த ஊர் நிலத்தையும் தூரத்து எரிமலைகளையும் ஒரே செயற்கைக் கோள் அளக்கிறது. அதன் பெயர் "நிசார்". இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்தது. 2025 ஜூலை 30-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏவப்பட்டது. 747 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றுகிறது.

கட்டி உடைவதற்கு முன்பு வீங்கும். பல எரிமலைகளும் அப்படித்தான். அடியில் இருந்து பாறைக் குழம்பு ஏறும்போது மேலே உள்ள நிலம் உப்பும். குழம்பு வெளியேறினால் அமிழும். சில சமயம் இந்த மாற்றம் ஒரு விரற்கடை அளவுதான். கண்ணுக்குத் தெரியாது.

ராடாருக்குத் தெரியும். அது ரேடியோ அலையை அனுப்புகிறது. அலை தரையில் பட்டுத் திரும்புகிறது. நிசாரில் உள்ள இரண்டு ராடார்களில் ஒன்றின் அலை நீளம் 24 சென்டி மீட்டர். ஏறக்குறைய ஒரு சாண். திரும்பிய அலை ஏற்றத்தில் இருந்ததா, இறக்கத்தில் இருந்ததா என்று குறித்துக் கொள்ளும். 12 நாள் கழித்து அதே இடத்துக்கு வந்து மறுபடியும் குறிக்கும். நிலம் அசைந்திருந்தால் இரண்டு குறிப்பும் ஒத்துப் போகாது. சாணில் சிறு பங்கு அசைந்தாலும் போதும், அகப்பட்டுவிடும்! இரவும் மேகமும் இதற்குத் தடை இல்லை. (அளவு மீறித் தண்ணீர் இறைக்கும் இடங்களில் நிலம் அமிழ்வதையும் இதே ராடார் காட்டும். பம்பு செட்டு விவசாயிகள் கவனிக்க!)

அளந்தால் மட்டும் போதுமா? போதாது. அளந்ததை உடனே பார்க்க வேண்டும்.

ஐஸ்லாந்தில் கிரிண்டாவிக் என்று ஒரு மீனவர் ஊர். 2023 அக்டோபர் கடைசியில் பக்கத்து நிலம் உப்பத் தொடங்கியது. ராடார் படங்களும் தரையில் நட்ட கருவிகளும் அதைக் காட்டின. பிறகு நில நடுக்கம் அதிகரித்தது. நவம்பர் 10-ந் தேதி இரவு ஊரே வெளியேற்றப்பட்டது. டிசம்பர் 18-ந் தேதி பூமி பிளந்தது. அடுத்த மாதம் நெருப்புக் குழம்பு ஊருக்குள் புகுந்து வீடுகளை எரித்தது. வீடுகளில் ஆள் இல்லை.

இந்தோனேசியாவில் நடந்தது வேறு. 2018 டிசம்பர் 22-ந் தேதி இரவு, அனக் கிரகதோவா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. ஆழிப் பேரலை எழுந்தது. 400-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்தப் பக்கம் பல மாதங்களாகவே நகர்ந்து கொண்டிருந்தது, வேறு செயற்கைக் கோள்களின் ராடார் படங்களில் பதிவாகி இருந்தது! அதை ஆராய்ந்து சொன்னது சாவு விழுந்த பிறகுதான்.

இந்தியாவிலும் எரிமலை உண்டு. அந்தமானில் பாரன் தீவு. போர்ட் பிளேரில் இருந்து (இன்று ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே சுமார் 140 கிலோ மீட்டர். அங்கே மனிதர்கள் இல்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்து, 1991-ல் சீறியது. பிறகும் பல முறை சீறி இருக்கிறது. அந்தமானின் மற்றத் தீவுகளில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழ்கின்றன.

நிசார் படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம். நல்லதுதான். ஆனால் மீனவர் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? பாரன் தீவு உப்பியதா, அமிழ்ந்ததா என்று மாதம் ஒரு தடவை அரசாங்கம் அறிவிக்க வேண்டும். வானிலை அறிக்கை சொல்வது போல, ரேடியோவில், தமிழிலும் சொல்ல வேண்டும்.