புழுக்கமும் பூங்காவும்

பள்ளித் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை பிறந்துவிட்டது. தாதரிலும் குர்லாவிலும் வந்து நிற்கும் ரயில்களிலிருந்து பாட்டிமாரும் தாத்தாமாரும் ஊறுகாய் ஜாடிகளோடும் வடாம் பொட்டலங்களோடும் இறங்கிக்கொண்டிருக்கின்றனர். நம் சங்கத்து அன்பர்களின் இல்லங்களில் இப்பொழுது எழும் கேள்வி, பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்பதே. முன்னாளில் இதற்கு விடை எளிதாக இருந்தது. சௌபாத்திக் கடற்கரை, தொங்கும் தோட்டம், ராணி பாக் மிருகக்காட்சிச் சாலை என்ற மூன்றோடு பட்டியல் முடிந்துவிடும். 1989இல் கோராயில் எஸ்ஸெல் வர்ல்டு திறக்கப்பட்டது. 1998இல் அதன் அருகிலேயே நீர் விளையாட்டுப் பூங்கா எழுந்தது. 2013இல் கோபோலிக்கு அருகில் இமேஜிக்கா வந்தது. அதன் பின்னர், கோடை விடுமுறை என்றால் கேளிக்கைப் பூங்கா என்பது நம் பிள்ளைகள் மனத்தில் சட்டம் போலப் பதிந்துவிட்டது. அவர்களோடு செல்லும் பெரியவர்களைப் பற்றியே இத்திங்கள் எழுத விரும்புகின்றோம்.

ஊரிலிருந்து வரும் உறவினர்கள் தவறாமல் கூறும் வாசகம் ஒன்று உண்டு. "வேலூர் வெயிலைக் கண்டவர்கள் நாங்கள், உங்கள் மும்பையின் முப்பத்துமூன்று டிகிரி எங்களை என்ன செய்துவிடும்?" என்பர். நாக்பூரிலிருந்தும் தில்லியிலிருந்தும் வரும் அன்பர்களும் இதையே வேறு சொற்களில் கூறுவர். ஆனால் வெயில் வேறு, புழுக்கம் வேறு. நம் முன்னோர் இவ்விரண்டுக்கும் வேறு வேறு சொல் வைத்திருப்பது வீணுக்கன்று. நெல்லை நீரில் அவித்து எடுத்தால் புழுங்கல். காற்றே நம்மை அவித்தால் புழுக்கம்.

இதன் காரணத்தை அறிய வீட்டிலிருக்கும் மண்பானையை நோக்கினாலே போதும். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்பொழுது உள்ளே இருக்கும் நீர் குளிர்கின்றது. தில்லியின் வறண்ட கோடையில் அப்பானை நீர் பல் கூசுமளவு தண்ணென்றிருக்கும். மும்பையில் மழைக்கு முந்திய வாரங்களில் அதே பானையின் புறம் ஈரமாகவே நிற்கும், நீரோ குளிராது. காற்று ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்திருப்பதால் மேலும் ஏற்க மறுக்கின்றது. நம் உடலும் ஒரு மண்பானையே. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டு நீங்குகின்றது. ஆவியாகாமல் வழிந்து சட்டையை நனைக்கும் வியர்வையால் உடலுக்கு நீரும் உப்பும் நட்டமே அன்றிக் குளிர்ச்சி இல்லை. நிழலில் 32 டிகிரி வெப்பமும் காற்றில் 70 சதவிகித ஈரமும் இருப்பின், உடல் உணரும் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி என்று வானிலையாளர் கணக்கிடுகின்றனர். நேர் வெயிலில் நின்றால் இதற்கும் மேல் 8 டிகிரி வரையிலும் கூடக்கூடும்.

"வெப்ப அலை என்று அறிவிப்பு ஏதும் இல்லையே" என்று ஆறுதல் கொள்வதும் பொருந்தாது. கடற்கரை ஊர்களில் வெப்பம் 37 டிகிரியை எட்டி, அன்றைய வழக்கமான அளவினும் 4.5 டிகிரி மிகுந்தால்தான் இந்திய வானிலைத் துறை அதனை வெப்ப அலை என்று கொள்கின்றது. புழுக்கமான நாள்களுக்கென்று கொங்கணப் பகுதிக்கு அத்துறை தனி எச்சரிக்கை விடுப்பதுண்டு. புறப்படுமுன் அதனையும் பார்த்துக்கொள்வது நலம். 2023 ஏப்ரல் 16ஆம் நாள் நவி மும்பையின் கார்கரில் திறந்த வெளியில் நடந்த விருது விழாவை நம் அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பல மணி நேரம் வெயிலில் அமர்ந்திருந்தவர்களுள் 14 பேர் உயிரிழந்தனர். அவர்கள் அன்று ஓடவுமில்லை, பாரம் சுமக்கவுமில்லை, அமர்ந்திருந்தனர், அவ்வளவே.

இதை வலியுறுத்திக் கூறுவதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. 2024 மே மாதத்தில் நாம் குடும்பத்தோடு ஒரு பூங்காவுக்குச் சென்றிருந்தோம். எம் அன்னையாருக்கு அப்பொழுது எழுபத்தொரு வயது. தஞ்சைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பேரனையும் பேத்தியையும் காண வந்திருந்தார். நுழைவுச் சீட்டின் விலையைக் கண்டதும் எம் மனத்தில் ஒரு வைராக்கியம் தோன்றிற்று. இவ்வளவு பணம் கொடுத்த பின் ஒரு சவாரியையும் விடலாகாது என்பதே அது. அன்னையார் சவாரி எதிலும் ஏறுபவர் அல்லர். ஆகவே ஒரு சிமெண்டு மேடையில் அமர்ந்துகொண்டு, "எனக்கென்னடா, நான் பையைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போங்கள்" என்றார். நாமும் ஐந்து பைகளையும் நான்கு ஜோடிச் செருப்புகளையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றோம்.

நம் குடும்பங்களில் எவ்வூர்ப் பூங்காவுக்குச் சென்றாலும் பாட்டிக்கு இந்தக் காவல் உத்தியோகம் உறுதி. இதில் என்ன தீங்கு என்று நாமும் அதுவரை எண்ணியதில்லை. சவாரிக்கு வரிசையில் நிற்பவர் தலைக்கு மேல் கூரையும் பக்கத்தில் மின்விசிறியும் இருந்தன. அன்னையார் அமர்ந்திருந்த இடத்தில் பதினொரு மணிக்கு நிழல் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு அந்நிழல் நகர்ந்துவிட்டது. பைகளை விட்டு நகரக்கூடாது என்று அவர் நகரவில்லை. கழிப்பறை தொலைவில் இருந்ததால் காலை முதலே தண்ணீர் அருந்தாமலும் இருந்திருக்கின்றார். இரத்த அழுத்தத்திற்காக அவர் உண்ணும் மாத்திரையோ சிறுநீரை மிகுவிப்பது. பிரயாணத்தில் கசங்காது என்று உடுத்தியிருந்த பாலியெஸ்டர் புடைவையும் தன் பங்கைச் செய்தது.

ஒன்றரை மணிக்கு நாம் திரும்பியபொழுது அவர் முகம் வெளிறி, கை சில்லிட்டு, வியர்வையில் நனைந்திருந்தார். குமட்டுகின்றது, கெண்டைக்கால் இழுக்கின்றது என்றார். அருகில் பெருக்கிக்கொண்டிருந்த பெண்மணி அரை மணிக்கு முன்பே வந்து ஏதோ வினவியிருக்கின்றார். அன்னையாருக்கு இந்தி தெரியாது. புன்னகை செய்து அனுப்பிவிட்டாராம்!

முதலுதவி அறைக்குக் கொண்டு சென்றோம். அங்கிருந்த செவிலி அவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, விசிறியைத் திருப்பிவைத்தார். பிறகு, "அம்மா, உங்கள் பெயர் என்ன? இன்று என்ன கிழமை?" என்று இந்தியில் கேட்டார். அன்னையார் விழித்தார். செவிலியின் முகம் மாறிவிட்டது. கை தொலைபேசியை நாடிற்று. நாம் பதறிப்போய் அக்கேள்விகளைத் தமிழில் கேட்டோம். "ஏண்டா, என் பெயர் உனக்குத் தெரியாதா? சனிக்கிழமை" என்று விடை வந்த பிறகே அவ்வம்மையார் தொலைபேசியைக் கீழே வைத்தார். வெப்பத்தால் தளர்ந்தவர் தெளிவாகப் பேசினால் குளிர்ச்சியும் உப்பு கலந்த நீரும் ஓய்வும் பெரும்பாலும் போதும். பேச்சுக் குழறினாலோ, ஆளை அறியாமல் மயங்கினாலோ, உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினாலோ அது வெப்பத் தாக்கு. அந்நிலையில் ஒரு கணமும் தாமதியாமல் 108ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை உடலெங்கும் நீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் பனிக்கட்டி வைக்கலாம். நினைவிழந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றலாகாது. வியர்வை நின்றால்தான் வெப்பத் தாக்கு என்று பலர் எண்ணியிருக்கின்றனர், அதுவும் தவறு. வியர்த்துக்கொண்டிருக்கும்பொழுதே அது வருவதுண்டு.

ஒரு மணி நேரத்தில் அன்னையார் எழுந்து அமர்ந்தார். அன்றே வீடு திரும்பினோம். பிள்ளைகள் மூன்று சவாரிகளைத் தவறவிட்டதற்காக முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தனர் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகின்றோம்.

அன்று முதல் எம் இல்லத்து வழக்கங்கள் சில மாறின. பெரியவர் கைப்பையில் ஒரு தாள் எப்பொழுதும் இருக்கும். அதில் அவர் பெயர், உண்ணும் மருந்துகள், இருவருடைய தொலைபேசி எண்கள் ஆகியவை தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டிருக்கும். "பானி", "சக்கர்" என்ற இரண்டு சொற்களையும் அன்னையாருக்குக் கற்பித்தோம். தண்ணீரும் தலைசுற்றலும் இந்தியில் தெரிந்தால் இந்நகரில் உயிர் பிழைத்துக்கொள்ளலாம். (இலக்கணம் பிறகு வரட்டும்.) பைகளைப் பூங்காவின் வாடகைப் பெட்டகத்தில் வைத்துவிடுகின்றோம். அவ்வாடகை வீண் செலவு என்று எண்ணியிருந்தோமே, அவ்வெண்ணத்தை இப்பொழுது நினைத்தால் நாணமாக இருக்கின்றது.

கதவு திறக்கும்பொழுதே உள்ளே நுழைந்து, வெட்டவெளிச் சவாரிகளை முதலில் முடித்துவிடுவது நல்லது. நடுப்பகல் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை குளிரூட்டிய அரங்குகளிலும் உணவுக்கூடத்திலும் கழிக்கலாம். தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல், இருபது நிமிடத்திற்கு ஒருமுறை சிறிது நீர் அருந்துவது நன்று. முதுமையில் தாக உணர்ச்சியே மங்கிவிடும். குழந்தைகளோ விளையாட்டில் அதனை மறந்துவிடும். சிறுநீர் மஞ்சளாகக் கறுத்தால் நீர் போதவில்லை என்பது கண்கூடு. நீர் விளையாட்டுப் பூங்காவில் ஏமாற்றம் இன்னும் பெரிது. நீருக்குள் இருப்பதால் வியர்ப்பது தெரிவதில்லை. ஆயினும் உடல் நீரை இழந்துகொண்டே இருக்கும். அங்குள்ள சிமெண்டுத் தரை வெறும் காலைச் சுடும் என்பதையும் மறக்கலாகாது. வெளியில் நிற்கும் காரில் குழந்தை தூங்குகின்றது என்று விட்டுச் செல்வதைப் பற்றி ஒன்று மட்டும் கூறுவோம்: மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் ஏறத்தாழ 10 டிகிரி ஏறிவிடும்.

பூங்காக்களில் வெளி உணவை அனுமதிப்பதில்லை என்பது பலருடைய மனக்குறை. நீர்மோர்ப் பாத்திரத்தை வாயிலிலேயே விட்டுவர நேர்ந்த வருத்தம் நமக்கும் உண்டு. ஆயினும் மருந்துக் கடையில் கிடைக்கும் உப்பு சர்க்கரைப் பொட்டலம் மருந்து என்ற வகையில் கைப்பையில் அடங்கிவிடும். 1971இல் வங்காள அகதிகள் பொங்காவ் முகாமில் காலராவால் மடிந்துகொண்டிருந்தபொழுது, ஊசி வழியே ஏற்றும் நீர் தீர்ந்துபோகவே, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துப் பல்லாயிரம் உயிர்களைக் காத்தவர் டாக்டர் திலீப் மகலனாபிஸ். அதே பொருளைத்தான் நாம் பையில் சுமக்கின்றோம். ஆனால் அதனை அளவு தவறாமல் கலக்க வேண்டும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு குவளை நீரில் கொட்டிக் கலக்கினால் நன்மைக்கு மாறாகத் தீமை விளையும். பொட்டலம் இல்லையெனில், ஒரு லிட்டர் தூய நீரில் சமன்செய்த ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். இதய நோயும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே இதனை அருந்துதல் வேண்டும்.

பூங்காக்காரர்களும் வெயிலிடம் தோற்றவர்களே என்பது ஒரு சுவையான செய்தி. 1955 ஜூலை 17ஆம் நாள் அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி தம் முதற் பூங்காவைத் திறந்தபொழுது, கடும் வெயிலில் புதிதாகப் போட்ட தார் இளகிப் பெண்டிரின் குதிகாலணிகள் அதில் புதைந்தனவாம். குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் கழிப்பறையா, குடிநீர்க் குழாயா என்ற நிலை வர, டிஸ்னி கழிப்பறையையே தேர்ந்தெடுத்தார். வந்தவர்கள் தாகத்தால் தவித்தனர். எம் அன்னையாருக்கு இக்கதையைக் கூறியபொழுது, "அவர் செய்ததுதான் சரி" என்றார்.

இவ்வாண்டும் அன்னையார் வந்திருக்கின்றார். சென்ற ஞாயிறு பேரன் பூங்காப் பேச்சை மெல்லத் தொடங்கினான். நாம் மறுமொழி கூறுமுன் அவரே முந்திக்கொண்டார்: "போகலாம். நானும் வருகிறேன். ஆனால் பையை யாரும் என்னிடம் கொடுக்கக் கூடாது."